இதற்கே உரிய மணம்

சலவைக் கடைக்கு வெறுங்கையோடு யாரும் வருவதில்லை. துணியோடு வருவார்கள், இல்லையென்றால் சீட்டோடு வருவார்கள். அந்த வெள்ளிக்கிழமை மதியம் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த பெண்ணிடம் இரண்டும் இல்லை. முப்பது வயதுக்கு ஒன்றிரண்டு மேலே இருக்கும். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, யாரையோ தேடி வந்த மாதிரி பார்த்தாள்.

மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்தவள் அப்போது ஒரு கோட்டின் கழுத்துப் பட்டையை மூக்கருகே வைத்து முகர்ந்துகொண்டிருந்தாள். ஆள் நிற்பதைப் பார்த்ததும் சட்டென்று கோட்டைக் கீழே இறக்கினாள். பதினெட்டு வருடமாகச் செய்கிற வேலைதான். வருகிற துணியில் இருப்பது எண்ணெய்க் கறையா, பழச்சாறா, பாலா என்று அங்கேயே பிரித்துவிட வேண்டும். பால் கறையில் சூடு பட்டால் ஜென்மத்துக்கும் போகாது. கண்ணுக்கு எல்லாக் கறையும் பழுப்புதான். மூக்குதான் உண்மையைச் சொல்லும். இருந்தாலும் அடுத்தவர் துணியை அடுத்தவர் முன்னால் முகர்வதில் அவளுக்கு இன்றைக்கும் கூச்சம் விட்டபாடில்லை.

வந்த பெண் அதைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. சிரித்தாள். "அப்போ நீங்களேதான்," என்றாள்.

கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர், பேராசிரியரின் பழைய மாணவி என்று சொல்லிக்கொண்டாள். எந்தப் பேராசிரியர் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் போய்ப் பதினாறு நாள் ஆகியிருந்தது. வருகிற புதன்கிழமை மூன்று மணிக்குத் துறையில் ஒரு நினைவுக் கூட்டம் வைத்திருக்கிறார்களாம். பெரிய ஆட்களெல்லாம் அவருடைய ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவார்கள். வீட்டு மனிதராக அவரைப் பார்த்த ஒருவரும் பேசினால் நன்றாக இருக்கும். அவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. வெளியூரில் இருக்கும் தங்கைக்கு முட்டி வலி, திரும்பவும் பயணம் செய்ய முடியாது. அதனால் பக்கத்து வீட்டுக்காரம்மா வர வேண்டும்.

"நான் பத்தாவதோட நின்னவம்மா. அத்தனை படிச்சவங்க நடுவுல நான் என்னத்தைப் பேச?"

"பதினாலு வருஷம் பக்கத்துல இருந்திருக்கீங்க. அதைப் பேசுங்க, போதும்."

அவள் பாதித் தலை ஆட்டினாள். முழுத் தலையாக எடுத்துக்கொண்டு விரிவுரையாளர் போய்விட்டாள்.

கதவு மூடிய பிறகு கோட்டை மறுபடி எடுத்தாள், முகரத் தோன்றவில்லை. பேச வராது என்பதில்லை. அவரைப் பற்றிப் பேச அவளிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. ஆனால் அந்த மூட்டைகளின் அடியில் ஒரு ரகசியம் இருந்தது. அதை வெளியே சொல்வதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அதைத் தொடாமல் அவரைப் பற்றிப் பேசுவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர் பக்கத்து வீட்டுக்குக் குடி வந்தபோது குடியிருப்பின் அந்த மாடியில் இருந்த எல்லோரும் ஒரு வாரம் வேடிக்கை பார்த்தார்கள். ஒண்டிக்கட்டை. சாமான் என்று பார்த்தால் பாத்திரம் ஒரு பெட்டி, புத்தகம் முப்பது பெட்டி. வந்த மறுநாளே வீட்டில் உள்ள எல்லாவற்றின் மேலும் சின்னச் சின்னச் சீட்டு ஒட்டி, அதைப் பயன்படுத்தத் தொடங்கிய தேதியை எழுதினார். உப்பு டப்பாவில் எழுதினால் சரி, துடைப்பத்திலும் எழுதினார். மிதியடியில் எழுதினார். புதுச் சோப்பைப் பிரித்தால் சோப்புப் பெட்டியின் மேல் தேதி. ஒரு துடைப்பம் எத்தனை நாள் உழைக்கிறது என்று ஒரு மனிதன் தெரிந்துகொள்ளாமல் எப்படி இருக்க முடியும் என்று எதிர்வீட்டுக்காரரிடம் உண்மையான வருத்தத்தோடு கேட்டாராம். அன்றைக்கே அவருக்குத் 'தேதி சார்' என்று பெயர் விழுந்துவிட்டது. அது அவர் காதுக்கும் எட்டியது. கோபப்படவில்லை. பெயர் வைத்த நாள் என்ன என்று மட்டும் விசாரித்தார்.

படிக்கட்டில் பின்பக்கமாகத்தான் இறங்குவார். முன்பக்கமாக இறங்கினால் முட்டிக்கு விழும் பாரத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுவார். யாரும் எதிரே வந்தால், முதுகைக் காட்டியபடியே வணக்கம் சொல்லி, எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்டு வழிவிடுவார். வாசல் காவலாளியிலிருந்து குப்பைத் தொட்டிப் பூனை வரைக்கும் எல்லோருக்கும் 'நீங்க, வாங்க'தான். "இன்னைக்குக் கொஞ்சம் தள்ளி உட்காருங்க, வழியை அடைக்கிறீங்க" என்று அவர் பூனையிடம் பணிவாகக் கேட்டுக்கொள்வதை அவள் எத்தனையோ முறை காதால் கேட்டிருக்கிறாள்.

அவள் வேலை பார்த்த கடைக்குத்தான் துணி போடுவார். ஒவ்வொரு சட்டையோடும் ஒரு காகிதம் வரும். சட்டையின் படம் வரைந்து, கறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி போட்டு, 'மசி, செவ்வாய், காலை பத்தரை, என் கவனக்குறைவு' என்று எழுதியிருப்பார். கடை முதலாளி அந்தக் காகிதங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு மனசு சரியில்லாத நாளில் எடுத்துப் பார்ப்பார்.

முதல் ஐந்து வருடம் இப்படித்தான் போயிற்று. அக்கம் பக்கம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது பருத்தித் துணி தீயும் வாசனை வந்தது. கடையில் வேலை செய்கிறவளுக்கு அந்த வாசனை வந்தால் தூக்கத்திலும் எழுந்து ஓடத் தோன்றும். தன் வீட்டில் இஸ்திரிப் பெட்டி அணைந்துதான் இருந்தது. கத்தியைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். பக்கத்து வீட்டுக் கதவு எப்போதும்போல் சும்மா சாத்தியிருந்தது. தள்ளினாள்.

பேராசிரியர் மேஜையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவருக்கு முதுகுப் பக்கம், இரண்டே அடி தூரத்தில், சட்டையின் மேல் இஸ்திரிப் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. புகை கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"வாங்க, வாங்க. என்ன விசேஷம்?" என்றார் அவர்.

அவள் ஓடிப்போய் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, சட்டையைக் கொண்டுபோய்க் குழாய்க்கடியில் போட்டாள். அவர் திரும்பிப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் பார்த்தார்.

"மூக்கடைப்பா சார்?" என்று அவள் கேட்டாள்.

அவர் எழுந்துபோய் வாசல் கதவை மூடினார். அந்தக் கதவு முழுசாக மூடி அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆறு வருடமாக அவருக்கு எந்த வாசனையும் தெரியாதாம். "ஒரு ஜலதோஷம் வந்தது. பத்து நாள் இருந்தது. போகும்போது இதையும் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு," என்றார். மருத்துவர்கள் பார்த்தார்கள், மருந்து கொடுத்தார்கள், பிறகு கையை விரித்தார்கள். கல்லூரியில் யாருக்கும் தெரியாது. வேதியியல் வாத்தியாருக்கு மூக்கு வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் ஆய்வகத்துக்குள் விடமாட்டார்கள். வாயு கசிந்தால் கத்துகிற கருவி வாங்கி அறைக்கு ஒன்று மாட்டியிருக்கிறார், ஆய்வகத்தில் அடுப்பைத் தன் கையால் பற்றவைப்பதே இல்லை, ஆபத்தான எதையும் தனியாகத் தொடுவதில்லை. எல்லா முன்னெச்சரிக்கையும் உண்டு. இஸ்திரிப் பெட்டியைத்தான் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார்.

"ஆய்வகம் இல்லாம நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க," என்று அவர் கேட்டபோது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவள் யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தாள். வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லாமல் இருக்க முடியாது என்பதையும் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது, பணிமனையில் நடந்த எல்லாமே மாலைக்குள் தெருவுக்குத் தெரிந்துவிடும். ஆனால் இந்த ஒரு விஷயத்தை அந்த மனிதர் கடைசி வரைக்கும் மூச்சு விடவில்லை. "அவர் பிழைப்பு சம்பந்தப்பட்டது. அதுல விளையாடக் கூடாது," என்றார்.

மறுநாள் காலை பேராசிரியர் பால் பாத்திரத்தோடு வந்து நின்றார். இது கெட்டுவிட்டதா இல்லையா. அதற்கடுத்த நாள் முட்டை. பிறகு, இந்தச் சட்டையை இன்னொரு நாள் போடலாமா. அவள் முகர்ந்து பார்த்துச் சொன்னாள். இப்படி ஒரு மாதம் போன பிறகு, ஒரு சாயங்காலம் சட்டைப் பையிலிருந்து விரல் நீளக் கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்தார். பயப்பட வேண்டாம், உடம்புக்கு ஒன்றும் செய்யாது, நேராக மூக்கை வைக்காமல் கையால் காற்றைத் தள்ளிக்கொள்ள வேண்டும் என்று செய்து காட்டினார்.

அவள் முகர்ந்து பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள்.

"நல்லா இருக்குங்கறது உங்க அபிப்பிராயம். வாசனை என்னன்னு சொல்லுங்க."

"எப்படி சார் சொல்றது?"

"அதானே? புத்தகத்துல என்ன போட்டிருக்கான் தெரியுமா? 'இதற்கே உரிய மணம்'. இதற்கே உரியதுன்னா எதுக்கு உரியது? பாட்டில்ல இருக்கறது கெட்டுப் போச்சா, சரியா இருக்கான்னு நான் எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறது? பசங்களுக்கு என்னன்னு சொல்லிக் கொடுக்கிறது?"

அவள் இன்னொரு முறை கையால் தள்ளிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். "புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்ததும் செருப்புக்கு முன்னாடி ஒரு வாசனை வருமே, அந்த அட்டையோட வாசனை. அதுக்கு மேல ஒரு வாழைப்பழத்தை வெச்ச மாதிரி," என்றாள்.

அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தேதி போட்டு, அவள் சொன்னதைச் சொன்ன மாதிரியே எழுதிக்கொண்டார். எழுதும்போது அவர் காது சிவந்திருந்தது. அத்தனை சந்தோஷம்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று புட்டி வந்தது. நனைந்த குடையைப் பைக்குள் மூன்று நாள் மறந்து வைத்தது என்றாள். காய்ச்சல்காரர் படுத்து எழுந்த தலையணை என்றாள். பேசாத இரண்டு பேர் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி என்று ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அதை எழுத வேண்டாம் என்று கெஞ்சினாள். எழுதிவிட்டார். தன்னுடைய மூக்குக்கு ஒருவர் இத்தனை மரியாதை கொடுத்து அவள் பார்த்ததில்லை. கடையில் அது வேலைக்கான சாமான், வீட்டில் அது கேலிக்கான சாமான். இவர் அதை ஆய்வகத்தின் அருமையான கருவி மாதிரி நடத்தினார். அவளுக்குச் சளி பிடித்தால் அவர் முகம் வாடிவிடும். வெந்நீர் குடித்தீர்களா என்று கதவுக்கடியில் சீட்டு வரும்.

கணவருக்கு இதில் பெரிய வேடிக்கை. "சார், இவ கோபத்துல இருக்கும்போது ஒரு பாட்டில்ல பிடிச்சுத் தரேன், அது என்ன வாசனைன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்," என்பார். பேராசிரியர் அதையும் யோசிக்கிற முகத்தோடுதான் கேட்டுக்கொள்வார்.

இப்படி மூன்று வருடம் ஆன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் கையில் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். மூடியைச் சுற்றி ஒட்டுநாடா. அதன் மேல் ஒரு பழைய தேதி. நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்திருந்தாலும் அதை மேஜைமேல் வைக்காமல் அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தார்.

"இது பாடத்துக்கு இல்ல," என்றார்.

உள்ளே அவர் மனைவியின் சால்வை இருந்தது. அந்த அம்மா இறந்து, சில மாதம் கழித்து அவர் மூக்கு போயிருக்கிறது. சால்வையில் மனைவியின் வாசனை இருந்தது, அது போய்விடக் கூடாது என்று அப்போதே டின்னில் போட்டு அடைத்துவிட்டார். பிறகு அதைத் திறந்தாலும் அவரால் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் திறக்கவேயில்லை. உள்ளே அது இன்னும் இருக்கிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

ஒட்டுநாடாவைப் பிரித்ததும் பூச்சி உருண்டை நெடி அவள் மூக்கில் அடித்தது. அதற்குக் கீழே துரு. அதற்கும் கீழே பழைய கம்பளி. இன்னும் கீழே போய்த் தேடினாள். ஒன்றும் இல்லை. அந்த அம்மாவை அவள் பார்த்ததுகூட இல்லை, எதைத் தேடுவது என்றும் தெரியவில்லை. நிமிர்ந்தபோது அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருக்கு சார்," என்றாள். "லேசா இருக்கு. முகத்துக்குப் போடற பவுடர் மாதிரி. சோப்பு மாதிரி."

அவர் பென்சிலை எடுத்தார். எழுதவில்லை. "வேற?"

"அவ்வளவுதான் சார்."

"பூச்சி உருண்டை வரலையா? ஆறு உருண்டை போட்டிருந்தேன்."

அவளுக்கு முகம் சூடாகிவிட்டது.

"எனக்காகத்தான் சொன்னீங்க. அது எனக்குப் புரியுது," என்றார் அவர், மெதுவாக. "ஆனா அதை நான் நோட்டுல எழுத முடியாதும்மா."

அவள் மறுபடியும் டின்னைக் கையில் எடுத்தாள். இந்த முறை அவசரப்படவில்லை. சால்வையை மடிப்பு மடிப்பாகப் பிரித்து, கழுத்தில் படுகிற இடம், தோளில் விழுகிற இடம், ஓரம் என்று ஒன்றையும் விடாமல் பார்த்தாள். கடையில் மிக நல்ல துணிக்கு எப்படிப் பார்ப்பாளோ அப்படி. பிறகு சொன்னாள்.

"பூச்சி உருண்டை. துருப்பிடிச்ச தகரம். பழைய கம்பளி. வேற ஒண்ணும் இல்ல சார்."

தேதி போட்டு எழுதிக்கொண்டார். நேரத்தையும் எழுதினார். நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். குடித்தார். அவள் கணவர் உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு திரும்பிப் போனார்.

"அப்போ இதைத் துவைச்சுடலாம், இல்ல?" என்று அவர் கேட்டார்.

அவள் அதை இயந்திரத்தில் போடவில்லை. மதிய இடைவேளையில் கடையின் பின்னறையில் வெதுவெதுப்பான தண்ணீரில் தானே அலசினாள். கம்பளியைத் தொங்கவிட்டால் இழுத்துக்கொள்ளும் என்பதால் மேஜையில் துண்டு விரித்து, அதன் மேல் பரப்பி நிழலில் காய வைத்தாள். கடைசியாக ஒரு மணி நேரம் மொட்டை மாடி வெயில் காட்டினாள். திருப்பிக் கொடுத்தபோது அவர் வழக்கம்போல் வாசனை என்ன என்றார்.

"ஒண்ணும் இல்ல சார். சுத்தமா இருக்கு."

"சுத்தம்கறது வாசனை இல்லையே."

அவள் சால்வையைப் பிடித்துப் பார்த்தாள். "வெயில்," என்றாள். அதை அவர் எழுதிக்கொண்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டுதான் கல்லூரிக்குப் போனார். அடுத்த குளிர்காலமும். அதில் மசி பட்டு, அம்புக்குறி போட்ட காகிதத்தோடு கடைக்கும் வந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் துறையில் அவருக்கு ஒரு வகுப்பு கொடுத்திருந்தார்கள். போன மாதம் ஒரு காலை, படியில் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுவலி. அவள் கணவர்தான் ஆட்டோ பிடித்து அழைத்துப் போனார். ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தார். கடைசியாக அவள் பார்க்கப் போனபோது, இந்த வார்டு என்ன வாசனை என்று கேட்டார். மருந்து என்று சொல்ல வாய் எடுத்தவள், கண்ணை மூடிப் பார்த்து, "யாரோ ஆரஞ்சு உரிச்சிருக்காங்க சார்," என்றாள். பக்கத்துக் கட்டிலில் தோல் கிடந்தது. அவர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். மறுநாள் காலை பத்து மணிக்குச் செய்தி வந்தது.

புதன்கிழமை மதியம் கடை மூடியதும் கல்லூரிக்குப் போனாள். கணவர் வாசல் வரைக்கும் வந்தார், உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டார். படித்தவர்கள் கூட்டத்தில் தனக்குக் கொட்டாவி வரும், அது சாருக்கு அவமரியாதை என்றார். வெளியே மரத்தடியில் நின்றுகொண்டார்.

கூடம் நிறைந்திருந்தது. மேடையில் பேசியவர்கள் அவருடைய கட்டுரைகளின் பெயரைச் சொன்னார்கள், வாங்கிய பரிசுகளைச் சொன்னார்கள். அவளுக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதியில் தனக்குத் தெரிந்த மனிதர் இல்லை. நான்காவதாக அவளைக் கூப்பிட்டார்கள்.

ஒலிபெருக்கி அவள் உயரத்துக்கு இல்லை. யாரோ வந்து இறக்கிவிட்டார்கள். துடைப்பத்தில் தேதி எழுதியதைச் சொன்னாள். சிரித்தார்கள். பூனையைச் சொன்னாள். அம்புக்குறி போட்ட காகிதத்தைச் சொன்னாள். இன்னும் சிரித்தார்கள். "ஒரு நாள் சாயங்காலம் சார் வீட்டுல சட்டை..." என்று ஆரம்பித்தவள், எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்ததும் நிறுத்திவிட்டாள். "சட்டை... இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தாங்க," என்றாள். கூடம் காத்திருந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

முன்வரிசையில் ஒரு வயதானவர் எழுந்தார். ஆய்வக உதவியாளர். முப்பது வருடம் அந்த ஆய்வகத்தில் இருந்தவர்.

"சொல்லும்மா, பரவாயில்ல," என்றார். "சாருக்கு வாசனை தெரியாது. அதானே? இங்க எல்லாருக்கும் தெரியும்."

கூடம் முழுக்க ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. கேலிச் சிரிப்பில்லை அது. வீட்டில் ஒரு பெரியவரைப் பற்றி வீட்டு மனிதர்கள் சிரிப்பார்களே, அப்படி. அவள் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த உதவியாளர் நின்ற இடத்திலிருந்தே சொன்னார். மூக்கு போன முதல் மாதமே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். வாயுக் குழாயைத் திறக்கிற நாளில் எல்லாம் எதையாவது துடைக்கிற சாக்கில் போய்ப் பக்கத்தில் நின்றுகொள்வாராம். விரிவுரையாளர் பெண் மேடைக்கு ஏறி வந்து மீதியைச் சொன்னாள். முதல் வாரத்திலேயே மூத்த மாணவர்கள் இளையவர்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள்: சார் வகுப்புக்கு முன்னால் ஜன்னலைத் திறந்து வை. சார் புட்டியைத் திறந்தால் நீ முதலில் முகர்ந்து பார். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அவளுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் அடுத்தவர்களுக்குச் சொன்னாள். பதினைந்து வருடமாக ஒரு வகுப்புக்கூட அதைத் தவறவிட்டதில்லை.

கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு என்றோ அவர் சொன்ன ஒரு பேச்சு நினைவுக்கு வந்தது. "எங்க பசங்களுக்கு ஜன்னல்னா உயிரு. எந்த வருஷத்துப் பசங்களா இருந்தாலும் சரி, நான் உள்ள நுழையறதுக்கு முன்னாடியே எல்லா ஜன்னலும் திறந்திருக்கும்." அப்போது அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தெரிந்துதான் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? எதையும் பார்த்துத் தேதி போடுகிற மனிதர். அவளுக்குத் தெரியவில்லை. அதை ஒலிபெருக்கியில் சொன்னாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. உதவியாளர் கைக்குட்டையை எடுத்தார்.

அதற்குப் பிறகு பேசுவது கடினமாக இல்லை. சட்டை தீய்ந்ததைச் சொன்னாள், பால் பாத்திரத்தைச் சொன்னாள், புட்டிகளைச் சொன்னாள். சால்வையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது அவருடையது.

கூட்டம் முடிந்ததும் விரிவுரையாளர் அவளை ஆய்வகத்துக்கு அழைத்துப் போனாள். நீளச் சுவரில் அலமாரி, அதில் வரிசையாகப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் வாயில் நுழையாத பெயர். அதற்குக் கீழே அவர் கையெழுத்தில் இன்னொரு வரி. அவள் குனிந்து படித்தாள். 'புதுச் செருப்புப் பெட்டி, மேலே வாழைப்பழம்.' அடுத்தது: 'பைக்குள் மறந்த குடை, மூன்று நாள்.' இன்னும் தள்ளி: 'பேசாத இரண்டு பேர், ஒரே அறை.' ஒவ்வொன்றுக்கும் கீழே பொடி எழுத்தில்: 'நன்றி: நிபுணர், பக்கத்து வீடு.'

"பரீட்சையிலேயே இதை எழுதுவோம்," என்றாள் விரிவுரையாளர். "எங்களுக்கு அந்த நிபுணர் யாருன்னு பெரிய சந்தேகம். வெளிநாட்டுல படிச்சவங்கன்னு ஒரு பேச்சு இருந்தது. சார் சொல்லவே மாட்டார். உங்க பேரு வெளிய வந்தா அவர் ரகசியமும் வந்துடும்னு நினைச்சார் போல. நோட்டுல கடையோட முகவரி இருந்துச்சு. அன்னைக்கு நீங்க கோட்டை மோந்துக்கிட்டு இருந்தீங்களா, பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு."

நோட்டுப் புத்தகங்கள் ஒன்பது இருக்கின்றன, அவளுக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றாள். அவள் யோசித்துப் பார்த்தாள். படிக்கிறவர்களிடமே இருக்கட்டும் என்றாள். ஒரே ஒரு பக்கத்தை மட்டும் பார்க்க முடியுமா என்று கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தேதியைச் சொன்னாள். விரிவுரையாளர் எடுத்து வந்தாள். பூச்சி உருண்டை, துருப்பிடித்த தகரம், பழைய கம்பளி என்று அவள் சொன்னது சொன்னபடி இருந்தது. அதற்குக் கீழே, அன்றைக்கு வீடு திரும்பிய பிறகு எழுதியிருக்க வேண்டும், வேறு பென்சிலில் ஒரு வரி: 'முதலில் ஒரு பொய் சொன்னார். அதையும் மறக்கக் கூடாது.'

அவள் நோட்டை மூடிக் கொடுத்தாள். கிளம்பும்போது விரிவுரையாளர் கொஞ்சம் தயங்கிவிட்டு ஒன்று கேட்டாள். போன மாதம் வந்த புட்டிகள் பன்னிரண்டு, இன்னும் ஒன்றுமே எழுதாமல் நிற்கின்றன. நேரம் கிடைக்கும்போது வர முடியுமா. கடைக்கு ஞாயிறும் புதன் மதியமும்தான் ஓய்வு என்றாள் அவள். புதன் மதியம் என்றால் ஆய்வகம் திறந்திருக்கும் என்றாள் விரிவுரையாளர். சளி இல்லாத வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

கணவர் மரத்தடியில் காவலாளியோடு சிநேகமாகிவிட்டிருந்தார். திரும்பும் பேருந்தில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பயணியாக உட்கார்ந்தாலும் அந்த மனிதரின் வலது கால் பிரேக்கைத் தேடிக்கொண்டேதான் இருக்கும். வளைவுக்கு வளைவு ஓட்டுநரைக் குறை சொல்லிக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் பேச்சை நிறுத்தி, உள்ளே என்ன ஆயிற்று, அழுதாயா என்று கேட்டார்.

"இல்ல. சிரிச்சேன்," என்றாள்.

அதைச் சொல்லி முடித்ததும்தான் அழுகை வந்தது. சத்தம் இல்லாமல், நிற்காமல் வந்தது. கணவர் அவள் மடியிலிருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஜன்னல் ஓரம் மாறி உட்காரச் சொன்னார். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தபோது எழுந்திருக்கவில்லை. கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்விட்டு இதே வண்டியில் திரும்பலாம், ஓட்டுகிறவன் தனக்குத் தெரிந்த பையன்தான் என்றார்.